டாட்ஃபைல்களை எதை வைத்து நிர்வகிப்பது: வெறும் கிட், ஸ்டோ, யாடம், ஷேமுவா

டெர்மினலில் நாள் முழுக்க வேலை செய்பவர்களின் ஹோம் டைரக்டரியில் புள்ளியில் தொடங்கும் அமைப்புக் கோப்புகள், அதாவது டாட்ஃபைல்கள், மெல்ல மெல்லச் சேர்ந்துகொண்டே போகும். பாஷ்ஆர்சி, இசட்ஷ்ஆர்சி, கிட்கான்ஃபிக், விம்ஆர்சி, டீமக்ஸின் கான்ஃபிக், எஸ்எஸ்எச் டைரக்டரிக்குள் இருப்பது என்று எண்ணத் தொடங்கினால் பட்டியல் நீளும். கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையைத் தட்டினால் இவை கண்ணில் படாது. ஆனால் கை பழகிய ஏலியாஸ்கள் (கட்டளைகளுக்கு நாம் வைக்கும் சுருக்கப் பெயர்கள்), ப்ராம்ப்ட், அடிக்கடி ஓட்டும் சின்னச் சின்ன ஃபங்ஷன்கள் எல்லாம் இவற்றுக்குள்தான் இருக்கின்றன. இரண்டாவதாக ஒரு கணினி வந்ததும் கேள்வி எழுகிறது: இதையெல்லாம் அங்கே எப்படிக் கொண்டுபோவது, இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி எப்படி வைத்துக்கொள்வது?

மாற்றங்களை வரலாற்றோடு சேமிக்கும் கிட்டின் ரெப்போவில் (களஞ்சியத்தில்) போட வேண்டும் என்பதில் பெரிதாகக் கருத்து வேறுபாடு இல்லை. கோப்புகள் ஹோம் டைரக்டரியில் அங்கங்கே சிதறிக் கிடக்கின்றன, ரெப்போவோ ஒரே இடத்தில் இருக்க விரும்புகிறது. இந்த இரண்டையும் எது இணைப்பது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன. இதற்கென்றே ஸ்டோ, யாடம், ஷேமுவா என்று கட்டளைவரிக் கருவிகள் நிறைய வந்துவிட்டன. வசதிகளை வரிசையாக எழுதி டிக் போட்டுப் பார்த்தால் ஷேமுவாவுக்குத்தான் அதிக டிக் விழும். ஆனால் அப்படித் தேர்ந்தெடுப்பது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. நான் முதலில் கேட்பது வேறு: கணினிக்குக் கணினி மாறும் வரிகளை எங்கே எழுதப் போகிறோம்? வெறும் கிட்டில் அவை ஷெல்லின் (டெர்மினலில் கட்டளைகளை ஓட்டும் நிரலின்) இஃப் வாக்கியத்துக்குள் போகும். ஸ்டோவில் தனி டைரக்டரிக்குள். யாடமில் கோப்பின் பெயரில். ஷேமுவாவில் டெம்ப்ளேட்டுக்குள், அதாவது மதிப்புகளை நிரப்பிக் கோப்பை உருவாக்கும் அச்சுக்குள். இந்த ஒரு கேள்விக்கு நமக்கு விடை தெரிந்துவிட்டால் பாதிக் கருவிகள் தாமாகவே விலகிக்கொள்ளும்.

கருவியைத் தொடுவதற்கு முன்

வேறுபாடுகள் என்றால் என்னென்ன? ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் மென்பொருள்களை நிறுவும் ஹோம்ப்ரூ ஆப்ட் டைரக்டரிக்குள் இருக்கும், இன்டெல் மேக்கில் யூஎஸ்ஆர் லோக்கலுக்குள். எல்எஸ் கட்டளைக்கு வண்ணம் கொடுக்கும் ஆப்ஷன் லினக்ஸில் ஒன்று, மேக்கில் இன்னொன்று. மேக்கோடு வரும் பாஷ் ஷெல் இன்னமும் 3.2, பாஷ் 4-இல் வந்த அசோசியேட்டிவ் அரேக்கள் அதில் ஓடாது. 2019-இல் வந்த கேட்டலினாவிலிருந்து மேக்கின் இயல்பான ஷெல்லே இசட்ஷெல்தான். அப்புறம், அலுவலகக் கணினியில் கிட் கமிட்டுகளுக்கு (சேமித்த மாற்றப் பதிவுகளுக்கு) ஒரு மின்னஞ்சல், சொந்தக் கணினியில் வேறொன்று.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கருவியே தேவையில்லை. ஷெல் என்பதே ஒரு நிரல்மொழி. இயங்குதளத்தின் பெயரைக் காட்டும் யூநேம் கட்டளை என்ன சொல்கிறது என்று பார்த்து ஒரு கேஸ் வாக்கியம் எழுதினால் இயங்குதள வேறுபாடு தீர்ந்தது. இந்தக் கணினிக்கு மட்டும் உரிய வரிகளை ‘லோக்கல்’ என்று முடியும் தனிக் கோப்பில் வைத்து, ‘அது இருந்தால் மட்டும் சோர்ஸ் செய்’ (படித்து ஓட்டு) என்று பாஷ்ஆர்சியின் கடைசியில் ஒரு வரி சேர்க்கலாம். அந்தக் கோப்பு ரெப்போவுக்குள் வரவே வராது. மின்னஞ்சல் விஷயத்துக்கு கிட்டிலேயே விடை உண்டு: 2017-இல் வந்த 2.13 பதிப்பிலிருந்து இன்க்லூட்இஃப் என்ற பகுதி இருக்கிறது. ‘இந்த டைரக்டரிக்குக் கீழே இருக்கும் ரெப்போக்களுக்கு இந்தக் கோப்பையும் படி’ என்று அதில் சொல்லிவிடலாம். ஓபன்எஸ்எஸ்எச்சும் 7.3 பதிப்பிலிருந்து இன்க்லூட் வரியை ஏற்றுக்கொள்கிறது. டீமக்ஸில் இஃப்-ஷெல் உண்டு.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த வழிகளை முதலில் பயன்படுத்தித் தீர்த்துவிட்டால் மிச்சமிருக்கும் வேறுபாடு பெரும்பாலும் நாலைந்து வரிகள்தான். அந்த நாலைந்து வரிகளுக்காக முழு டெம்ப்ளேட் மொழி ஒன்றைக் கற்க வேண்டுமா என்று அப்போது நிதானமாக யோசிக்கலாம். டெம்ப்ளேட் உண்மையிலேயே தேவைப்படுவது, தனக்குள் நிபந்தனையும் எழுத முடியாத, வேறொரு கோப்பைச் சேர்த்துக்கொள்ளவும் தெரியாத கான்ஃபிக் கோப்புகளுக்கு. வெறும் யாமல், டாமல், ஜேசன் கோப்புகள் பல இந்த வகை. அவை உங்களிடம் எத்தனை இருக்கின்றன என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

வெறும் கிட்

எந்தக் கருவியும் நிறுவாமல் கிட்டை மட்டும் வைத்துச் செய்யும் முறை இது. ஹோம் டைரக்டரிக்குள் மறைவாக ஓரிடத்தில் ஒரு பேர் ரெப்போவை (வேலைக் கோப்புகள் இல்லாமல் வரலாறு மட்டும் உள்ள ரெப்போவை) உருவாக்க வேண்டும். கிட்-டிர் அந்த ரெப்போ, வொர்க்-ட்ரீ ஹோம் டைரக்டரி என்று இரண்டு ஆப்ஷன்களையும் கொடுத்து கிட்டை அழைக்கும் ஏலியாஸ் ஒன்றையும் எழுதிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். கோப்புகள் எங்கே இருந்தனவோ அங்கேயே, அசல் கோப்புகளாகவே இருக்கும். சிம்லிங்க் (வேறோரிடத்துக் கோப்பைச் சுட்டும் இணைப்பு) கிடையாது, நகல் கிடையாது. ட்ராக் ஆகாத கோப்புகளைக் காட்டாதே என்று அந்த ரெப்போவுக்கு மட்டும் அமைத்துவிட்டால் ஸ்டேட்டஸ் கட்டளையும் படிக்கும்படி வரும்.

சிலர் இதற்குப் பதிலாக ஹோம் டைரக்டரியில் நேரடியாகவே கிட் இனிட் போட்டுவிடுகிறார்கள். அதைச் செய்ய வேண்டாம். அப்படிப் போட்டால் ஹோமுக்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு டைரக்டரியும் ஒரு ரெப்போவுக்குள் இருப்பதாக கிட் நினைத்துக்கொள்ளும். வேறு ஏதோ ப்ராஜெக்ட் என்று எண்ணி கிட் க்ளீன் ஓட்டினால் சொந்தக் கோப்புகள் போய்விடும். பேர் ரெப்போ முறையில் அந்த ஆபத்து ஏலியாஸுக்குள் அடங்கிவிடுகிறது. ஆனாலும் அந்த ஏலியாஸோடு ‘ஆட்’ சொல்லி, எல்லாவற்றையும் என்ற ஆப்ஷனையும் கொடுத்தால் எஸ்எஸ்எச் சாவிகள் உட்பட ஹோம் முழுக்க ஸ்டேஜ் ஆகி, அடுத்த கமிட்டுக்குத் தயாராகிவிடும். ரெப்போவின் இன்ஃபோ டைரக்டரியில் இருக்கும் எக்ஸ்க்லூட் கோப்பில் ஒரே ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டு வைப்பது நல்ல காப்பு. புதுக் கோப்பைச் சேர்க்கும்போது மட்டும் ஃபோர்ஸ் ஆப்ஷன் கொடுக்க வேண்டியிருக்கும். ஏற்கெனவே சேர்ந்தவை வழக்கம்போல் நடக்கும்.

புதுக் கணினியில் க்ளோன் செய்து (ரெப்போவை நகலெடுத்து), கோப்புகளை ஹோமில் வைக்க செக்அவுட் சொன்னதும் ஒரு தடை வரும். அங்கே ஏற்கெனவே ஒரு பாஷ்ஆர்சி இருக்கும், அதன் மேல் எழுத கிட் மறுத்துவிடும். பழையதை நகர்த்திவிட்டுத் திரும்பச் செய்ய வேண்டும். கிட் நன்றாகத் தெரிந்தவருக்கு இது ஒரு விஷயமே இல்லை. கிட்டோடு இன்னும் பழகிக்கொண்டிருப்பவருக்கு இந்த முறையை நான் சொல்ல மாட்டேன். கை தவறினால் பாதிக்கப்படுவது ஹோம் டைரக்டரி.

ஸ்டோ

க்னூ ஸ்டோவை பாப் க்ளிக்ஸ்டீன் 1993-இல் எழுதத் தொடங்கினார். பெர்லில் எழுதப்பட்டது. அதன் அசல் வேலை வேறு: சோர்ஸிலிருந்து கம்பைல் செய்த மென்பொருள்களை யூஎஸ்ஆர் லோக்கலுக்குள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் தனித்தனி டைரக்டரியில் வைத்து, சிம்லிங்க் மூலம் அவற்றை ஒரே மரமாகக் காட்டுவது. டாட்ஃபைல்களுக்கும் அதே உத்தி அப்படியே பொருந்துவதால் பிற்பாடு பலர் இதை எடுத்துக்கொண்டார்கள்.

ரெப்போவுக்குள் பாஷ், கிட், டீமக்ஸ் என்று ஆளுக்கொரு டைரக்டரி. ஒவ்வொன்றுக்குள்ளும் ஹோமில் எந்த அமைப்பில் இருக்க வேண்டுமோ அதே அமைப்பில் கோப்புகள். ஸ்டோ என்று சொல்லி டைரக்டரியின் பெயரைக் கொடுத்தால் ஹோமில் சிம்லிங்க்குகள் வந்து உட்காரும். டி ஆப்ஷனைப் பெரிய எழுத்தில் கொடுத்தால் அவை போய்விடும். கணினிக்குக் கணினி வேறுபாடு என்றால், எந்தெந்தப் பேக்கேஜை, அதாவது எந்தெந்த டைரக்டரியை, ஸ்டோ செய்கிறோம் என்பதுதான் வேறுபாடு. சர்வரில் பாஷும் விம்மும் மட்டும், மேக்கில் கூடவே மேக்குக்கென்று ஒரு பேக்கேஜ். ரெப்போவை யார் திறந்து பார்த்தாலும் எல்லாம் சாதாரணப் பெயரில், சாதாரணக் கோப்பாகவே இருக்கும். ஸ்டோவைப் பற்றி எதுவுமே தெரியாதவர்கூட அதிலிருந்து ஒரு கோப்பை எடுத்துப் போய்ப் பயன்படுத்தலாம். எனக்கு ஸ்டோவில் மிகவும் பிடித்தது இதுதான்.

கவனிக்க வேண்டிய இடங்கள் மூன்று. முதலாவது ஃபோல்டிங். ஹோமில் கான்ஃபிக் டைரக்டரி இன்னும் உருவாகாத நிலையில் ஸ்டோவை ஓட்டினால், அது உள்ளே இருக்கும் கோப்புக்கு லிங்க் போடாமல் அந்த டைரக்டரியையே ரெப்போவை நோக்கி ஒரு சிம்லிங்க்காக்கிவிடும். அதன் பிறகு எந்தப் பயன்பாடு கான்ஃபிக்கில் எதை எழுதினாலும் அது நம் ரெப்போவுக்குள் வந்து விழும். நோ-ஃபோல்டிங் ஆப்ஷனை எப்போதும் போட்டுவிடுவது நிம்மதி. இரண்டாவது அடாப்ட் ஆப்ஷன். ஹோமில் ஏற்கெனவே இருக்கும் கோப்பை ரெப்போவுக்குள் இழுத்து, அங்கே இருப்பதன் மேல் போட்டுவிட்டு லிங்க் செய்யும். எல்லாம் கமிட் ஆகியிருந்தால் கிட் டிஃப் பார்த்து எது வேண்டுமென்று முடிவு செய்யலாம். கமிட் ஆகாமல் இருந்தால் ரெப்போவில் இருந்த வடிவம் தொலைந்துவிடும். மூன்றாவது, சில பயன்பாடுகள் தம் கான்ஃபிக்கைச் சேமிக்கும்போது தற்காலிகக் கோப்பில் எழுதி, பிறகு பெயர் மாற்றி அதே இடத்தில் வைக்கும். அப்போது சிம்லிங்க் போய் அசல் கோப்பு வந்துவிடும். மாற்றங்கள் ரெப்போவுக்கு வந்து சேரவில்லை என்பது கொஞ்ச நாள் கழித்துத்தான் தெரியும். ஸ்டோவின் குற்றம் அல்ல இது, சிம்லிங்க்கை நம்பும் எல்லாக் கருவிகளுக்கும் பொது.

ரெப்போவில் புள்ளி இல்லாத பெயர்களை வைத்துக்கொள்ள டாட்ஃபைல்ஸ் என்றொரு ஆப்ஷன் உண்டு. டைரக்டரிகளுக்கு அது சரியாக வேலை செய்யாமல் நெடுநாள் இருந்தது; 2024-இல் வந்த 2.4.0 பதிப்பில்தான் சரியானது. உங்கள் லினக்ஸ் விநியோகம் பழைய பதிப்பைத் தருமானால் அந்த ஆப்ஷனை விட்டுவிட்டுப் புள்ளியோடே பெயர் வையுங்கள்.

டாட்பாட், ஆர்சிஎம் இரண்டும் கிட்டத்தட்ட இதே குடும்பம். டாட்பாட் பைத்தானில் எழுதப்பட்டது. எதை எங்கே லிங்க் செய்வது என்பதை ஒரு யாமல் கோப்பில் எழுதி வைப்போம். ஆர்சிஎம்மில் டேக், ஹோஸ்ட் பெயர் வாரியாகக் கோப்புகளைப் பிரிக்கலாம். லிங்க் முறைதான் வேண்டும், ஆனால் ஸ்டோவின் டைரக்டரி அமைப்பு பிடிக்கவில்லை என்பவர்கள் பார்க்கலாம்.

யாடம்

மேலே சொன்ன வெறும் கிட் முறையை ஒழுங்காகக் கட்டித் தந்தால் கிடைப்பது யாடம். ஒரே ஒரு பாஷ் ஸ்கிரிப்ட். உள்ளே கிட்தான் ஓடுகிறது, வொர்க்-ட்ரீ ஹோம்தான். ஆகவே கிட் கட்டளை எதுவானாலும் கிட்டுக்குப் பதில் யாடம் என்று சொன்னால் போதும். கோப்புகள் அசல் இடத்திலேயே இருக்கும்.

வேறுபாடுகளை இது கோப்பின் பெயரில் வைக்கிறது. பெயரின் பின்னால் இரண்டு ஹாஷ் குறிகள் போட்டு ஓஎஸ் இன்னது, ஹோஸ்ட்நேம் இன்னது, க்ளாஸ் இன்னது என்று எழுதினால், இந்தக் கணினிக்கு எது நன்றாகப் பொருந்துகிறதோ அதை நோக்கி யாடம் ஒரு சிம்லிங்க் போடும். க்ளாஸ் என்பதை நாமே ‘வேலை’, ‘வீடு’ என்பதுபோல் அமைத்துக்கொள்ளலாம். டெம்ப்ளேட்டும் உண்டு, எளிமையானது. க்ளோன் முடிந்ததும் தேவையான பேக்கேஜ்களை நிறுவ பூட்ஸ்ட்ராப் என்ற கோப்பை ஓட்டும் வசதியும் இருக்கிறது.

இந்தப் பெயர்வழி முறை சின்னக் கோப்புகளுக்கு மிக நன்றாக இருக்கும். இருநூறு வரி இசட்ஷ்ஆர்சிக்கு இரண்டு வடிவங்கள் வைத்தால், ஆறு மாதத்தில் அவை வேறு வேறு கோப்புகளாகிவிடும். ஒன்றில் செய்த திருத்தம் மற்றதில் இருக்காது. பொதுவானதெல்லாம் ஒரு கோப்பில், மாறுவது மட்டும் தனிக் கோப்பில், அந்தத் தனிக் கோப்புக்கு மட்டும் ஹாஷ் பின்னொட்டு. இப்படிப் பிரித்துக்கொண்டால் யாடம் கடைசிவரை தொந்தரவு தராது.

ரகசியக் கோப்புகளை யாடம் ஒரே பொட்டலமாகக் கட்டி, ஜிபிஜி அல்லது ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்கக் கருவி கொண்டு பூட்டி ரெப்போவில் வைக்கிறது. எளிது. ஆனால் ஒரு குறை உண்டு: அந்தப் பொட்டலத்துக்குள் என்ன மாறியது என்று கிட்டால் சொல்ல முடியாது. இரண்டு கணினிகளில் இரண்டு வேறு ரகசியக் கோப்புகளை மாற்றிப் பூட்டினால் ஒன்றாகச் சேர்க்க வழி கிடையாது, ஏதோ ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். எஸ்எஸ்எச், ஜிபிஜி டைரக்டரிகளின் அனுமதிகளை மற்றவர் படிக்க முடியாதபடி யாடமே சரிசெய்துவிடும் என்பது நல்ல விஷயம். கிட் எக்ஸிக்யூட் பிட்டை (கோப்பை ஓட்டலாமா என்ற குறியை) மட்டும்தான் நினைவில் வைக்கும், 600 (உரியவர் மட்டும் படிக்க, எழுத) என்று நாம் வைத்த அனுமதி க்ளோன் செய்யும்போது வராது. வெறும் கிட்டிலும் ஸ்டோவிலும் இதை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஷேமுவா

ஷேமுவாவை டாம் பெயின் கோ மொழியில் எழுதினார். ஒரே பைனரி, லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் நேரடியாக ஓடும். விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) இல்லாமல் பவர்ஷெல் கான்ஃபிக்கையும் சேர்த்து நிர்வகிக்க வேண்டுமென்றால் இது வசதியான வழி.

இதன் போக்கே வேறு. ஹோமில் இருப்பது என்னவாக இருக்க வேண்டும் என்ற விவரம் தனி இடத்தில் இருக்கும். அப்ளை சொன்னதும் அந்த விவரத்திலிருந்து கோப்புகளை உருவாக்கி ஹோமில் எழுதும். இயல்பாக லிங்க் போடுவதில்லை, எழுதுகிறது. சோர்ஸ் டைரக்டரியில் கோப்புகளின் பெயர்களே அவற்றின் பண்புகளைச் சொல்லும்: டாட் என்று தொடங்கினால் புள்ளி, ப்ரைவேட் என்றால் மற்றவர் படிக்க முடியாத அனுமதி, எக்ஸிக்யூட்டபிள், என்கிரிப்டட் என்று இன்னும் சில. ரன்-ஒன்ஸ் என்று தொடங்கும் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு உள்ளடக்கத்துக்கும் ஒருமுறை மட்டும் ஓடும், ரன்-ஆன்சேஞ்ச் அதன் உள்ளடக்கம் மாறினால் ஓடும். பேக்கேஜ் பட்டியலை மாற்றியதும் நிறுவல் தானாக நடக்க இது மிக வசதி.

பழக வேண்டிய ஒன்று, கோப்பைத் திருத்தும் இடம். இசட்ஷ்ஆர்சியை நேரடியாகத் திறந்து மாற்றினால் ஷேமுவாவின் சோர்ஸ் மாறாது. ஷேமுவா எடிட் மூலம் மாற்ற வேண்டும், அல்லது மாற்றிய பிறகு ரீ-ஆட் சொல்ல வேண்டும். அந்தக் கோப்பு டெம்ப்ளேட்டாக இருந்தால் ரீ-ஆட் அதைத் தொடாது, நாமே சோர்ஸில் போய்த் திருத்த வேண்டும். முதல் சில வாரங்கள் கை பழைய வழக்கத்துக்கே போகும். நேரடியாக மாற்றியதை ஷேமுவா சத்தமில்லாமல் அழித்துவிடாது. கடைசி அப்ளைக்குப் பிறகு கோப்பு மாறியிருந்தால் நிறுத்திக் கேட்கும். டிஃப் கட்டளையை முதலில் ஓட்டிவிட்டு அப்ளை சொல்லும் பழக்கம் வந்துவிட்டால் எந்த அதிர்ச்சியும் இல்லை.

டெம்ப்ளேட்தான் இதன் பெரும் பலம். கோ மொழியின் டெம்ப்ளேட் வடிவத்தில் இயங்குதளம், ஹோஸ்ட் பெயர், நாமே கொடுத்த விவரங்கள் எல்லாவற்றையும் வைத்து ஒரே கோப்பிலிருந்து பல வடிவங்களை உருவாக்கலாம். முதல் இனிட்டின்போதே ‘இந்தக் கணினியில் மின்னஞ்சல் எது?’ என்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும்படியும் அமைக்கலாம். பாஸ்வேர்டு மேனேஜர்களோடு நேரடியாகப் பேசும்: ஒன்பாஸ்வேர்டு, பிட்வார்டன், பாஸ், கீபாஸ்எக்ஸ்சி என்று நிறைய. கோப்புகளைத் தனித்தனியாகப் பூட்ட ஏஜ் அல்லது ஜிபிஜி.

விலையும் அங்கேதான். டெம்ப்ளேட்டாக்கிய ஷெல் கோப்பு இனி ஷெல் கோப்பு இல்லை. ஷெல் பிழைகளைக் கண்டுபிடிக்கும் ஷெல்செக்கை அதன் மேல் நேரடியாக ஓட்ட முடியாது, எடிட்டரின் வண்ணங்கள் குழம்பும், சோர்ஸ் செய்து சோதிக்க முடியாது. இரட்டை வளைவு அடைப்புக்குறிகளைத் தன் சொந்தத் தேவைக்குப் பயன்படுத்தும் கான்ஃபிக் என்றால் மோதலும் வரும். அதனால்தான் முதலிலேயே சொன்னேன், ஷெல்லே செய்யக்கூடியதை ஷெல்லிடம் விடுங்கள் என்று. பாஷ்ஆர்சியை டெம்ப்ளேட்டாக்காமல், கணினிக்குரிய மதிப்புகளை மட்டும் எழுதும் பத்து வரிக் கோப்பை டெம்ப்ளேட்டாக்கி, பாஷ்ஆர்சி அதைச் சோர்ஸ் செய்யட்டும். ஷேமுவாவைப் பயன்படுத்துபவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை இதுவாகத்தான் இருக்கும்.

விலகுவது எப்படி என்பதையும் பார்த்துவிட வேண்டும். பர்ஜ் என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஷேமுவாவின் சொந்த விவரங்களை மட்டும் நீக்கும், ஹோமில் இருக்கும் கோப்புகள் சாதாரணக் கோப்புகளாகவே நிற்கும். கணினியளவில் விலகுவது இவ்வளவு சுலபம். ரெப்போ அளவில் அப்படி இல்லை: டெம்ப்ளேட்டுகளும் பெயர் முன்னொட்டுகளும் நிறைந்த ரெப்போவை வேறு எந்தக் கருவியும் அப்படியே படிக்காது. ஸ்டோவில் இது நேர்மாறு, ரெப்போ எங்கும் செல்லும், ஹோமில் இருப்பவை வெறும் லிங்க்.

நிக்ஸ் ஹோம் மேனேஜர்

இதைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். ஹோம் மேனேஜர் டாட்ஃபைல்களோடு அவற்றுக்குத் தேவையான மென்பொருள்களையும் நிக்ஸ் என்ற பேக்கேஜ் மேனேஜரின் மொழியில் ஒரே விவரமாக எழுதச் சொல்கிறது. முந்தைய நிலைக்குத் திரும்பிப் போகும் வசதி மிக உறுதியானது. ஆனால் அது உருவாக்கும் கோப்புகள் நிக்ஸ் ஸ்டோருக்குள் இருக்கும், படிக்க மட்டும்தான்; ஒரு ஏலியாஸை மாற்றிப் பார்க்கக்கூட மறுபடி பில்ட் செய்ய வேண்டும். நிக்ஸை ஏற்கெனவே விரும்பிப் பயன்படுத்துபவருக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. டாட்ஃபைல்களுக்காக மட்டும் நிக்ஸைக் கற்பது வேண்டாத சுமை.

ரகசியங்கள்

எந்தக் கருவியானாலும் ஒரு விதி மாறாது: ஒருமுறை புஷ் ஆன (ரெப்போவோடு சர்வருக்கு அனுப்பிய) டோக்கன், அதாவது கடவுச்சொல் போன்ற சாவி, வெளியே போனதாகவே கணக்கு. அடுத்த கமிட்டில் நீக்கினாலும் வரலாற்றில் இருக்கும். ரத்து செய்து புதிதாக வாங்குவதுதான் ஒரே தீர்வு. நெட்ஆர்சி, என்பிஎம்ஆர்சி, க்ளவுட் சேவைகளின் க்ரெடென்ஷியல் கோப்புகள், க்யூப்கான்ஃபிக் இவற்றில் டோக்கன் இருக்கிறதா என்று பார்க்காமல் ஆட் சொல்லாதீர்கள். எஸ்எஸ்எச் கான்ஃபிக்கில் டோக்கன் இருக்காது, ஆனால் அலுவலகத்தின் உள் சர்வர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும்; பொது ரெப்போவில் அதுவும் கூடாது.

ஷேமுவா பாஸ்வேர்டு மேனேஜரிலிருந்து எடுத்து எழுதும்போது ரெப்போவில் ரகசியம் இருக்காது என்பது உண்மைதான். ஆனால் ஹோமில் எழுதப்படும் கோப்பில் அது அப்படியே, பூட்டில்லாமல் இருக்கும். இது போதாது என்று நினைப்பவர்கள் டோக்கனைக் கோப்பில் எழுதவே வேண்டாம். தேவைப்படும்போது பாஸ்வேர்டு மேனேஜரின் கட்டளையை அழைத்து எடுக்கும் ஒரு சின்ன ஃபங்ஷனை எழுதிக்கொண்டால் எந்தக் கருவியோடும் வேலை செய்யும்.

பகிர்வது

ஒரு குழுவில் ‘என் டாட்ஃபைல்களை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று முழு ரெப்போவையும் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ப்ராம்ப்ட், கீபைண்டிங் எல்லாம் அவரவர் விருப்பம். குழுவுக்குப் பயன்படுவது டெப்ளாய், லாக் பார்ப்பது, விபிஎன் போன்ற வேலைகளுக்கான ஃபங்ஷன்கள்தான். அவற்றைத் தனி ரெப்போவில் வையுங்கள். ஒவ்வொருவரும் தம் ஆர்சி கோப்பில் ஒரு வரியால் சோர்ஸ் செய்துகொள்ளட்டும். ஸ்டோ பயன்படுத்துபவர் அதை ஒரு பேக்கேஜாக வைப்பார், ஷேமுவா பயன்படுத்துபவர் எக்ஸ்டர்னல் என்ற வசதியால் இழுத்துக்கொள்வார், யாடம்காரர் சப்மாட்யூலாகச் சேர்ப்பார். கருவியை ஒருவர் மேல் ஒருவர் திணிக்க வேண்டிய அவசியமே இல்லை.

அந்தப் பொதுக் கோப்பு பாஷிலும் இசட்ஷெல்லிலும் ஓட வேண்டும், இங்கேதான் கவனம் தேவை. அரேயின் முதல் உறுப்பு பாஷில் 0, இசட்ஷெல்லில் 1. மேற்கோள் இல்லாமல் எழுதிய மாறியை பாஷ் இடைவெளிகளில் பிரிக்கும், இசட்ஷெல் இயல்பாகப் பிரிக்காது. ஃபிஷ் ஷெல்லுக்கு இலக்கணமே வேறு. அவர்களுக்காக ஃபங்ஷன்களைத் தனி ஸ்கிரிப்டுகளாக்கிப் பாத்தில் சேர்ப்பதே நல்லது. யோசித்துப் பார்த்தால் எல்லாருக்குமே அதுதான் நல்லது: டைரக்டரியை மாற்றுவது, என்விரான்மென்ட் மாறியை வைப்பது போன்றவை தவிர மற்றதெல்லாம் ஸ்கிரிப்டாக இருந்தால் ஷெல் வேறுபாடு என்ற பிரச்சினையே எழாது. ஆர்எம், எல்எஸ் போன்ற அடிப்படைக் கட்டளைகளைப் பொதுக் கோப்பில் ஏலியாஸ் செய்யக் கூடாது. எதையும் திரையில் அச்சிடவும் கூடாது. எஸ்எஸ்எச் வழியாக வரும்போது பாஷ் பாஷ்ஆர்சியைப் படிக்கும், அதில் வரும் ஒரு வரி வாழ்த்துச் செய்தி, கோப்புகளை அனுப்பும் எஸ்சிபியையும் ஆர்சிங்க்கையும் முறித்துவிடும்.

இன்னொருவர் எழுதிய ஆர்சி கோப்பைச் சோர்ஸ் செய்வது என்றால் அவருடைய நிரலை நம் அனுமதியோடு நம் கணினியில் ஓட்டுகிறோம் என்று பொருள். ஷெல் திறக்கும்போதெல்லாம் தானாக புல் செய்யும் (புது மாற்றங்களை இழுக்கும்) வரியை எழுதாதீர்கள். ஷேமுவாவின் அப்டேட் கட்டளை புல், அப்ளை இரண்டையும் ஒரே மூச்சில் செய்யும். பகிர்ந்த ரெப்போ என்றால் புல்லைத் தனியாகச் செய்து, டிஃப் பார்த்து, பிறகு அப்ளை சொல்லுங்கள்.

யாருக்கு எது

ஒரே இயங்குதளத்தில் ஓரிரண்டு கணினிகள், ரகசியம் எதுவும் ரெப்போவில் வேண்டாம் என்றால் ஸ்டோ. கற்க அரை மணி நேரம் போதும், விலகவும் சுலபம். பெரும்பாலானோர் இங்கேயே நின்றுவிடலாம் என்பது என் எண்ணம். கிட்டைக் கைவசமாக்கியவர், கோப்புகள் அசல் இடத்தில் அசல் கோப்பாகவே இருக்க வேண்டும் என்பவர் யாடமை எடுக்கலாம். வெறும் கிட்டைவிட யாடமையே சொல்வேன், எதையும் நிறுவ முடியாத சர்வர் ஒன்றைத் தவிர. அங்கேயும் அந்த ஒற்றை ஸ்கிரிப்டை நகலெடுத்துப் போட்டால் ஓடும். மேக், லினக்ஸ், விண்டோஸ் என்று கலந்து வைத்திருப்பவர், புதுக் கணினியை அடிக்கடி தயார் செய்பவர், பாஸ்வேர்டு மேனேஜரை ஏற்கெனவே ஒழுங்காகப் பயன்படுத்துபவர் ஷேமுவாவுக்குப் போகலாம். அதற்குச் செலவிடும் நேரம் வீணாகாது. இனிட்டோடு அப்ளை ஆப்ஷனையும் சேர்த்து ஒரே வரியில் ஒரு கணினி தயாராவது அதில்தான்.

கிட்ஹப்பின் கோட்ஸ்பேசஸ் போன்ற தற்காலிகச் சூழல்களில் வேலை செய்பவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அவை டாட்ஃபைல் ரெப்போவை இழுத்து, அதில் இன்ஸ்டால் அல்லது பூட்ஸ்ட்ராப் என்ற பெயரில் ஸ்கிரிப்ட் இருந்தால் ஓட்டிவிடும். எந்தக் கருவியை எடுத்தாலும், அதை நிறுவி ஓட்டும் ஒரு சின்ன இன்ஸ்டால் ஸ்கிரிப்டை ரெப்போவின் மேல்மட்டத்தில் வைத்துவிடுங்கள். கேள்வி கேட்டு நிற்காமல் ஓட வேண்டும்.

ஸ்டோவில் தொடங்கிப் பிறகு ஷேமுவாவுக்கு மாறுவதும் கடினம் இல்லை. ஹோமில் இருப்பவை சிம்லிங்க்குகள் என்பதால் ஷேமுவா ஆட் சொல்லும்போது ஃபாலோ ஆப்ஷனைக் கொடுங்கள். இல்லாவிட்டால் கோப்பின் உள்ளடக்கத்துக்குப் பதில் லிங்க்கையே சேர்த்துக்கொள்ளும். கணினியில் புதிதாக ஒரு பயனர் கணக்கு உருவாக்கி, அல்லது ஒரு கன்டெய்னரில், முதலில் அங்கே அப்ளை செய்து பாருங்கள். ஷெல் பிழையில்லாமல் திறக்கிறது, கிட்டில் மின்னஞ்சல் சரியாக இருக்கிறது, எஸ்எஸ்எச் அனுமதிகள் 600-இல் இருக்கின்றன என்று உறுதியான பிறகு அசல் கணினியில் ஸ்டோவின் லிங்க்குகளை எடுத்துவிட்டு அப்ளை சொல்லலாம். பழைய ரெப்போவை உடனே அழிக்க வேண்டாம்.